டேக் அடித்து நிறுத்திய ஏரிக்கரை கேட்

1. உள்ளே பைக், வெளியே டீச்சர்

கேட்டை நிறுத்தி முடித்த மறுநாள் காலையில் கான்ட்ராக்டரிடம் இருந்து போன் வந்தது.

"தேவராஜ், உடனே பெருங்களத்தூர் வா. நீ வெச்ச கேட்டால இங்க சண்டை."

"விழுந்துடுச்சா?"

"விழுந்திருந்தா கூட பரவாயில்ல. வாய்யா சீக்கிரம்."

அஸ்தினாபுரத்தில் என் வெல்டிங் பட்டறை. டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் வைத்த கேட் விழாது. அது எனக்குத் தெரியும். அதனால் என்ன சண்டை என்று புரியவில்லை.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு ஏரி வரும். கரைமேல் நடைபாதையும், ஓரத்தில் சின்னப் பூங்காவும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெண்டுக்கும் நுழையும் வழி ஒன்றுதான். அந்த வழியில் கதவு கிடையாது. பைப் தடுப்பு மட்டும். இடது பக்கத்தில் இருந்து ஒரு தடுப்பு பாதி தூரம் வரும். மூணடி தள்ளி, வலது பக்கத்தில் இருந்து இன்னொரு தடுப்பு பாதி தூரம் வரும். ஆள் வளைந்து போகலாம். பைக் வளையாது. டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது. அப்படித்தான் செய்து வைத்தேன்.

போய்ப் பார்த்தால் வழியை அடைத்துக்கொண்டு கூட்டம். நடுவில் சக்கர நாற்காலியில் ஜெசிந்தா டீச்சர். ஏரிக்கு எதிரே, லிஃப்ட் வைத்த அபார்ட்மென்டில் முதல் மாடியில் இருக்கிறவர். வீட்டில் டியூஷன் எடுக்கிறவர். அவருடைய நாற்காலி முதல் தடுப்பைப் பாதி தாண்டி, திரும்ப இடமில்லாமல் மாட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம், புதுப் பாதைமேல், ஒரு பைக் ஜம்மென்று நின்றது. அதன்மேல் சாப்பாட்டு டெலிவரி பையோடு ஒரு வாலிபன். பெயர் பிரவீன். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன்.

குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் வரதராஜன் சார் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். பேங்க் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். கனத்த உடம்பு.

"என்ன மிஸ்டர் கேட் இது? வரக்கூடாதவன் உள்ள நிக்கறான். வரவேண்டியவங்க வெளிய நிக்கறாங்க. தலைகீழா வெச்சுட்டீங்களா?"

முதலில் நாற்காலியைப் பின்னால் இழுத்து டீச்சரை விடுவித்தேன். அப்புறம் அந்தப் பையனிடம் கேட்டேன்.

"நீ எப்படிப்பா உள்ளே போனே?"

"இன்னாண்ணா, இதெல்லாம் ஒரு தடுப்பா? தோ பாரு" என்றான்.

வண்டியை வெளியே கொண்டுவந்து மறுபடி செய்து காட்டினான். முன்சக்கரத்தை முதல் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டான். சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். வண்டியை ஸ்டாண்டு பக்கம் சாய்த்து, ரெண்டு சக்கரத்தையும் தரையை விட்டுத் தூக்கி, ஸ்டாண்டு முனையில் வைத்தே திருப்பினான். மறுபடி ஒரு திருப்பு. உள்ளே போய்விட்டான். நெருக்கமான சந்துகளில் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் அது. கேட் போடும்போது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சக்கர நாற்காலிக்கு சைடு ஸ்டாண்டு கிடையாது.

2. எல்லோரும் கேட்டது

ஏன் இப்படி ஒரு கேட் வந்தது என்று சொல்ல வேண்டும். ஊர் கேட்டதால் வந்தது.

வேலை ஆரம்பிக்கும் முன்பு, பூங்கா போடுகிற அரசு ஆபீசில் இருந்து ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நலச்சங்கத்து மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு நடந்தது. ஏ.இ. மேடம் வந்திருந்தார். ஏ.இ. என்றால் உதவிப் பொறியாளர். சின்ன வயசு, பொறுமைசாலி. டிராயிங்கைச் சுவரில் ஒட்டிவிட்டு, "எல்லாரும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். கிரில் வேலை என்னுடையது என்பதால் கான்ட்ராக்டர் என்னையும் உட்காரச் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நான் ஆறாம் கிளாஸ். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கூட்டம் பார்க்க நன்றாக இருந்தது.

"பாதை முழுக்க லைட் வேணும் மேடம்."

"லைட் போட்டா பூச்சியெல்லாம் எங்க பால்கனிக்கு வரும். வேணாம்."

"பெஞ்ச் போடாதீங்க. காட்டாங்குளத்தூர் பக்கத்துல இருந்து காலேஜ் பசங்க ஜோடி ஜோடியா வந்து உக்காந்துடுவாங்க."

"பெஞ்ச் இல்லாம நான் எங்க உக்கார்றது? எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு."

"பசங்க ஜோடியா உக்காந்தா உங்களுக்கு என்ன சார் வலிக்குது?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வரதராஜன் சார் எழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. "போன வருஷம் என் வைஃப் அந்தக் கரைமேல நடந்துட்டு இருந்தா. பின்னாடி பைக் வந்து இடிச்சுது. மணிக்கட்டு உடைஞ்சு பிளேட் வெச்சிருக்கு. இன்னிக்கும் தோசை திருப்பணும்னா இடது கைதான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். பைக் வரக்கூடாது."

மேடம் எழுதிக்கொண்டார்.

டீச்சரை நாற்காலியோடு நாலு பேர் மாடிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். அவர் கடைசியாகப் பேசினார்.

"ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் இந்த ஏரியை நான் பால்கனியில இருந்துதான் பார்க்கறேன். மழைக்கு ரொம்பும், வெயிலுக்கு வத்தும், எல்லாம் பார்க்கறேன். கிட்ட போனதில்ல. இப்போ என்னைத் தூக்கிட்டு வந்தாங்க பாருங்க, அந்த மாதிரி யாரும் தூக்காம, நானே தள்ளிகிட்டு அந்தக் கரையில ஒரு தடவை போயிட்டு வரணும். படி வைக்காதீங்க. அவ்வளவுதான்."

மேடம் அதையும் எழுதிக்கொண்டார். சொன்னபடியே படி இல்லாமல் சரிவாகத்தான் கரைக்கு ஏற்றம் போட்டார்கள். பைக் வராமல் இருக்கத் தடுப்பும் போட்டார்கள்.

ரெண்டு பேர் கேட்டதும் நியாயம். ரெண்டையும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் ரெண்டும் ஒரே வாசலில் வந்து முட்டும் என்று மேடத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

3. சாவி வேண்டாம்

சண்டை நடந்த அந்தக் காலைக்கே திரும்பி வருகிறேன்.

திறப்பு விழா அடுத்த வாரம். அதற்குள் எதையாவது செய்தாக வேண்டும். ஸ்கூட்டியில் மேடமும் வந்து சேர்ந்தார்.

வரதராஜன் சாருக்கு ஒரு யோசனை இருந்தது. "தடுப்பை இன்னும் நெருக்கமா வெச்சிடுங்க. டீச்சருக்கு ஓரமா ஒரு தனிக் கதவு. பூட்டு போட்டு சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடலாம். அவங்க வந்தா திறந்து விடுவான்."

பலருக்கும் அது சரி என்று பட்டது. எனக்கும் பட்டது. தனிக் கதவு செய்வது சுலபம்.

டீச்சர் தலையை ஆட்டினார். "வேணாம் சார். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். நான் வெயில்ல நிப்பேன். பேங்க்லயும் எனக்கு ராம்ப் கேட் இருந்துது. உங்களுக்கே தெரியும். சாவி யார்கிட்டன்னு தேடறதுக்குள்ள கவுன்ட்டர் மூடிடுவாங்க."

வரதராஜன் சாருடைய பிராஞ்ச்தானோ என்னவோ, நான் கேட்கவில்லை.

"அப்போ தடுப்பை எடுத்துடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எடுத்தா என் வைஃப் மறுபடி வீட்டுக்குள்ளதான்" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "அவளும் ஆசையாதான் இருக்கா, நடக்கணும்னு."

மேடம் சொன்னார்: "டிராயிங்கை மாத்த நான் ரெடி. ஆனா என்னன்னு மாத்தறது? எல்லாரும் சேர்ந்து ஒண்ணைச் சொல்லுங்க."

எல்லோரும் சேர்ந்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "மேடம், வாயால சொன்னா முடியாது. ஞாயித்துக்கிழமை டேக் மட்டும் அடிச்சு நிறுத்தறேன். அவங்கவங்க வண்டியோட வந்து போய்ப் பார்க்கட்டும். எல்லாருக்கும் சரின்னா முழுசா அடிக்கலாம்."

டேக் என்றால் எங்கள் தொழிலில் இதுதான்: முழு வெல்டிங் போடாமல், ரெண்டு இடத்தில் பொட்டு மாதிரி மட்டும் வைத்து நிறுத்துவது. நிற்கும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும். ஜன்னல் கிரில், மாடிப்படி கைப்பிடி, எதுவானாலும் முதலில் டேக், பார்த்துச் சரிசெய்து அப்புறம்தான் முழு வெல்டிங். எப்போதும் நான் மட்டும் பார்ப்பேன். இந்த முறை ஊர் பார்க்கட்டும் என்று தோன்றியது.

கான்ட்ராக்டர் தலையில் கைவைத்தார். "ஊரைக் கூட்டி வெல்டிங் பண்ற ஆள் நீ ஒருத்தன்தான்யா."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "சரி. பண்ணுங்க. நானும் வரேன்."

வரதராஜன் சார் பிரவீனைக் காட்டினார். "இவனும் வரணும். வண்டியோட."

"நானா? என்னைத் தடுக்கிற கேட்டை நானே வந்து செக் பண்ணணுமா? நல்லா கீதே சார் உங்க கதை!"

"பயமா?" இதைக் கேட்டது டீச்சர்.

"யாருக்கு, எனக்கா? எந்த கேட் வெச்சாலும் பூந்து போவேன் டீச்சர்."

"அப்போ வா. போய்க் காட்டு."

4. ஞாயிற்றுக்கிழமை

பம்ப் ரூமில் இருந்து கரண்ட் எடுத்து மெஷினை வைத்தேன். பழைய தடுப்பை முதலிலேயே அறுத்து எடுத்திருந்தேன். வழியின் ரெண்டு பக்கமும் நிற்கும் கம்பம் மட்டும் இருந்தது.

முதல் ஆராதனை முடிந்து டீச்சர் நேரே வந்துவிட்டார். வரதராஜன் சார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் அவர் மனைவி. மேடம் வந்தார். மார்க்கெட் போகிற டிராலிப் பையோடு ஒரு அம்மா, குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு அப்பா, வாக்கர் பிடித்து நடக்கும் ஒரு தாத்தா என்று வரிசை கட்டிவிட்டார்கள். பிரவீன் வந்து, வண்டியை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கண்ணை மூடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு டேக்கும் அடித்தேன். பிள்ளைகள் விரலிடுக்கில் பார்த்தார்கள். வரதராஜன் சார் அவர்களை அதட்டிவிட்டு அவரும் பார்த்தார்.

வளைவு வேண்டாம், நேராகவே ஒரே சந்து வைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். ரெண்டு பக்கமும் நேராக ஒரு பைப் சட்டம். நடுவில் சந்து.

முதலில் அகலமாக வைத்தேன். டீச்சர் போனார். கைதட்டினார்கள். பின்னாலேயே பிரவீனும் போனான். அவனே கைதட்டிக்கொண்டான்.

சட்டத்தைத் தட்டி எடுத்து நெருக்கி வைத்தேன். பைக் மாட்டியது. நாற்காலியும் மாட்டியது.

இடையில் வைத்தேன். பிரவீன் லேசாகச் சாய்த்து உருவிக்கொண்டு போனான். டீச்சர் நாற்காலி நுழைந்தது, ஆனால் சக்கரத்தைத் தள்ளுகிற கை பைப்பில் உரசி விரல் முட்டியில் தோல் போய்விட்டது. அவர் கையை உதறிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.

வரதராஜன் சார் மனைவி ஓடிவந்து கைக்குட்டையைச் சுற்றினார். இடது கையால்தான் முடிச்சுப் போட்டார்.

வெயில் ஏறிவிட்டது. கூட்டம் சலித்துப்போனது. "நடக்கற காரியமா இது? பேசாம சாவி குடுத்துடுங்க" என்று ஒருவர் கிளம்பினார்.

டீச்சர் அவரைப் பார்க்கவே இல்லை. மறுபடி நெருக்கி வைத்ததில் சந்துக்குள் மாட்டி நின்ற பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இவன் வண்டி எங்க இடிக்குது?"

"ஹேண்டில் பார்ல."

"என் சேர் எங்க இடிக்குது?"

"சக்கரத்துல. கையில."

"ஹேண்டில் இருக்கற உயரத்துலயா என் சக்கரம் இருக்கு?"

நான் கையில் இருந்த வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்தேன்.

பைக்குக்கு அகலம் மேலே. ஹேண்டில்தான் அகலம், கீழே சக்கரம் ஒல்லி. நாற்காலிக்கு அகலம் கீழே. மேலே உட்கார்ந்திருக்கிறவரின் தோள்தான். அப்படியென்றால் நேராக நிற்கிற சட்டம் எதற்கு? கீழே விரித்து, மேலே ஒடுக்கி வைத்தால் முடிந்தது.

"சாச்சு வைக்கணும்" என்றேன்.

"அதைத்தான் சொல்றேன்" என்றார் டீச்சர். "கூடாரம் மாதிரி. உச்சியில மட்டும் திறந்து."

கிரைண்டரை எடுத்தேன். பைப்பை அறுத்தேன். ரெண்டு சட்டத்தையும் உள்பக்கம் சாய்த்து, ஹேண்டில் உயரத்தில் நெருங்கி வரும்படி டேக் அடித்தேன். கிளம்பியவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள்.

"டீச்சர், வாங்க."

அவர் சக்கரத்தைத் தள்ளினார். கை உரசவில்லை. தோள் உரசவில்லை. நிற்காமல் அந்தப் பக்கம் போய்விட்டார். போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இப்போ நீ வா" என்றார் பிரவீனிடம்.

பிரவீன் வந்தான். ரெண்டு பக்கமும் ஹேண்டில் இடித்தது. சாய்த்தான். இடித்தது. பின்னால் போய் வேகமாக வந்தான். டங் என்று சத்தம்தான் வந்தது. கூட்டம் விசில் அடித்தது.

"இன்னா தம்பி, எந்த கேட்லயும் பூருவியே?" என்று வாக்கர் தாத்தா கேட்டார்.

பிரவீனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சட்டத்தையே பார்த்தான். அப்புறம் சிரித்தான். "இர்ரு இர்ரு. இது ஒரு சாண் நீளம்தானே கீது? ஹேண்டில ஒடிச்சு ஒரு பக்கம் முதல்ல, இன்னொரு பக்கம் அப்பால." சொல்லிக்கொண்டே ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, ஒரு முனையை நுழைத்து, மறு முனையை உருவி, உள்ளே போய்விட்டான்.

வரதராஜன் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"அதுக்கு இன்னா பண்ணணும்?" நான் அவனைக் கேட்டேன்.

"நானே சொல்லணுமா?"

"உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "நான் சொல்றேன். ஆனா நான் ஒண்ணு கேப்பேன். நாங்க இன்னா ஷோக்குக்கா இந்தக் கரைமேல வர்றோம்? அந்த ரோட்ல தண்ணி லாரி நின்னுகினே கீது. பண்டிகை வந்தா ஊருக்குப் போற பஸ்சுங்க வேற, ஒரே பேஜாரு. ஆர்டர் லேட் ஆனா எவன் திட்டு வாங்கறது? கரைக்குக் கீழ ஒரு மண் பாதை கீது. மழையில சேறு. அதைச் சரி பண்ணிக் குடுங்க, நான் ஏன் மேல வரப்போறேன்? அன்னிக்கு மொட்டை மாடியில மீட்டிங் போட்டீங்களே, எங்க பக்கத்துல யாராவது ஒருத்தரைக் கூப்ட்டீங்களா?"

யாரும் கூப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வரதராஜன் சார்தான் முதலில் பேசினார். "கூப்பிட்டிருக்கணும்" என்றார். "மேடம், அந்தக் கீழ்ப் பாதையும் வேணும்னு சங்கத்து சார்புலயே கேக்கறோம். எழுதிக்குங்க."

மேடம் செருப்பில் சேறு ஒட்ட இறங்கிப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தார். "கிராவல் போட்டு உருட்டிடலாம். இந்த வேலைக்குள்ளயே பண்றேன்" என்றார்.

பிரவீன் என்னிடம் வந்தான். "நீளமா வைண்ணா. நாலடிக்கு ஒரே ஒடுக்கமா போனா ஹேண்டில ஒடிக்க முடியாது. ஒடிச்சா வண்டி நகராது."

நாலடி நீளத்துக்கு வைத்தேன். அவனே வந்து ரொம்ப நேரம் மல்லுக்கட்டினான். சைடு ஸ்டாண்டு போட்டான், முன்சக்கரத்தைத் தூக்கினான், பின்னாலிருந்து விட்டுப் பார்த்தான். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "லாக்" என்றான். அன்று ஏரிக்கரையில் போட்ட சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

குழந்தை வண்டி போனது. டிராலிப் பை போனது. வாக்கர் போனது. அப்புறம் வரதராஜன் சார் கம்பீரமாக நடந்து வந்தார். ஹேண்டில் உயரமும் அவர் வயிறும் ஒன்றாக இருந்தது. நடுவில் நின்றுவிட்டார்.

"சார், மூச்சை உள்ள இழுங்க!"

"இழுத்துதான்யா நிக்கறேன்!"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பைக்கைத் தடுங்கன்னு கேட்டவர் அவர்தான். இப்போ அவரைத் தடுத்துடுச்சு."

"ரெண்டு விரல் அகலப்படுத்துங்க தேவராஜ்" என்றார் மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மாசமா இருக்கறவங்களும் வருவாங்க."

"அவங்க பேரைச் சொல்லி எனக்கும் வழி கிடைச்சுது" என்றார் வரதராஜன் சார்.

ரெண்டு விரல் விட்டேன். மறுபடி எல்லோரையும் விட்டுப் பார்த்தேன். பிரவீன் மறுபடி மாட்டினான். டீச்சர் மறுபடி போனார். போதும் என்று ஊர் சொன்னது. போட்டோ எடுத்து மேடம் மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். திறப்பு விழாவுக்கு முன்பே சரி என்று பதில் வந்துவிட்டது.

5. முழு வெல்டிங்

டேக்கை முழு வெல்டிங் ஆக்கினேன். பிசிறு எதுவும் இல்லாமல் கிரைண்டர் போட்டேன். கை உரசக்கூடிய இடம் என்பதால் எமரித்தாள் வைத்துக் கையாலேயும் தேய்த்தேன். பிரைமர் அடித்து, பச்சை எனாமல் ரெண்டு கோட்டு. வழக்கமாக ஒரு கோட்டுதான் அடிப்பேன்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். கூட்டம் கலைந்ததும் டீச்சர் வந்தார்.

"யாரும் கூட வராதீங்க" என்றார்.

கேட்டுக்குள் போனார். சரிவில் ஏறினார். கொஞ்சம் திணறினார். வரதராஜன் சார் ஓர் அடி முன்னால் வைத்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினார். டீச்சர் மேலே ஏறி, கரையில் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

நாங்கள் நின்றோம். கரையின் மறு முனை வரை போய்த் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். நேரம் போனது. ஆளைக் காணோம்.

"எங்கயாவது சக்கரம் மாட்டிகிச்சோ?" என்றார் வரதராஜன் சார்.

"நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று பிரவீன் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். கேட்டின் முன் வந்து நின்றான். கேட்டைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"இறங்கி ஓடுடா" என்றார் வரதராஜன் சார்.

வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு அவன் இறங்குவதற்குள் டீச்சர் தெரிந்தார். மெதுவாக, சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, அவரே வந்தார். முகமெல்லாம் வியர்வை. கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் எங்களைப் பார்த்து முறைத்தார்.

"எதுக்கு எல்லாரும் இங்கயே நிக்கறீங்க? அங்க தண்ணிக்கோழி குஞ்சுங்களோட நீந்துது. பால்கனியில இருந்து தெரியாது. உக்காந்து பார்த்துட்டு வந்தேன்."

"கொஞ்சம் சொல்லிட்டுப் போயிருக்கலாமே டீச்சர்" என்றார் வரதராஜன் சார்.

"யார்கிட்ட சார் சொல்லணும்?" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பினார். மறுபடி கேட்டுக்குள் போனார்.

வரதராஜன் சாரின் மனைவி செருப்பைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னால் போனார். அப்புறம் வாக்கர் தாத்தா. அப்புறம் எல்லோரும். நானும் பிரவீனும் மட்டும் வெளியே நின்றோம்.

"நீ போகல?" என்றேன்.

"ஆர்டர் கீதுண்ணா" என்றான். கீழ்ப் பாதையில் வண்டியை விட்டான். புதுக் கிராவல் சரசரத்தது.

அதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது எனக்குக் கண் சரியில்லை. ஹோல்டரைப் பசங்கள் பிடிக்கிறார்கள், நான் பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தச் சாய்ந்த கேட்டை அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் பல பூங்காவுக்குச் செய்து கொடுத்துவிட்டோம். மேடம் டிராயிங்கிலேயே போட்டுவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் வண்டி வேறு, ஆட்கள் வேறு. அதனால் ஒவ்வொரு இடத்திலும் டேக்தான் முதலில். வாசலில் ஆட்களைக் கூப்பிட்டுப் போகச் சொல்லி, எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறோம். தடுக்க நினைக்கிற ஆளையும் கூப்பிடுகிறோம்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிராயிங்கைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அந்த வழியில் தினமும் போகப்போகிறவர் வந்து ஒரு தடவை போய்க் காட்டும்வரை, முழு வெல்டிங் போடாதீர்கள்.